மந்தைப்பாறைச் சந்தையில் மூன்றாவது கை

ஆவணி பிறந்த முதல் புதன்கிழமை, மந்தைப்பாறை மாட்டுச் சந்தையில், தரகன் சடையாண்டியும் பாலக்காட்டு வியாபாரி மொய்து பாயும் ஒரு துண்டுக்கு அடியில் கைவிட்டு நல்லக்காளின் ஜோடி மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது, அந்தத் துண்டுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கை வந்து சேர்ந்தது.

"என்ன பாய், ரெண்டு கையையும் உள்ள விடுறீங்க?" என்றான் சடையாண்டி.

"என்னோட இன்னொரு கையில குடை இருக்கு, கண்ணு தெரியலையா? நீதான்டா ரெண்டையும் விட்டிருக்க."

சடையாண்டியின் இன்னொரு கை மாட்டின் திமில்மேல் இருந்தது. இரண்டு பேரும் குடையைப் பார்த்தார்கள், திமிலைப் பார்த்தார்கள், துண்டைப் பார்த்தார்கள். தூக்கிப் பார்க்கப் பயந்துவிட்டார்கள் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். அது பொய். துண்டைத் தூக்கினால் விலை வெளியே தெரிந்துவிடும், அதனால்தான் தூக்கவில்லை. பேயே வந்தாலும் முதலில் விலையை மறைத்துவிட்டு அப்புறம்தான் பேய் பக்கம் திரும்புவார்கள் எங்கள் ஊரில்.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்கு. மாட்டுக்கு வாயால் விலை சொல்வது எங்கள் சந்தையில் வழக்கமில்லை. தரகன் தோள் துண்டை எடுத்து விற்கிறவன் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து ஒரு விலை சொல்வான். அதே துண்டை எடுத்துக்கொண்டு போய் வாங்குகிறவன் கைமேல் போட்டு இன்னொரு விலை சொல்வான். இரண்டு விலைக்கும் நடுவில் இருப்பது தரகன் மடியில் விழும், மடியில் விழுந்ததில் பாதி சந்தைக் குத்தகைக்காரர் ராசப்பாவின் வீட்டுக்குப் போகும், வெயிலில் நிற்கிற மாட்டுக்கும் தெரியாது, மாட்டை வளர்த்தவனுக்கும் தெரியாது. வளர்த்தது பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். பெண்பிள்ளை அந்நிய ஆணின் கையைத் துண்டுக்குள் தொடக் கூடாது என்பதால், அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும், தரகனே அவளுக்காகப் பேசி, தரகனே அவளுக்காக ஒத்துக்கொண்டு, கடைசியில் அவள் முந்தானையில் எதையோ போட்டுவிட்டுப் போவான்.

நான் சந்தை வாசலில் மூக்கணாங்கயிறும் சலங்கையும் விற்கிறவன். அதற்கு முன்னால் உழுதவன். என் மாட்டைச் சடையாண்டியின் அப்பன் இதே சந்தையில் விற்றுக் கொடுத்தான். விற்றதில் பாதிதான் எனக்கு வந்தது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் மாடு மலை தாண்டிப் போய்விட்டது. அன்றோடு உழவை விட்டேன். அந்த மனிதன் செத்ததற்கு நான் போகவில்லை, கருமாதிக்கும் போகவில்லை, போகாததற்கு இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

அந்த மூன்றாவது கை குளிர்ந்திருந்ததாம், தண்ணீர் தேங்கிய பாறைபோலக் குளிர்ந்து, உள்ளங்கை காய்த்துப்போய், சுண்டுவிரலில் ஒரு தடித்த மோதிரத்தோடு, வந்ததும் சடையாண்டியின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, முதலில் மெதுவாக, பிறகு செக்கில் போட்டதுபோல, அழுத்த ஆரம்பித்ததாம். அழுத்த அழுத்தச் சடையாண்டியின் வாய் தானாகத் திறந்தது. சந்தை முழுவதற்கும் கேட்கும்படி அவன் கூவினான்:

"குடுக்குறவளுக்கு அம்பத்தஞ்சு! வாங்குறவருக்குத் தொண்ணூறு!"

ஆயிரக்கணக்கில்தான் சொன்னான். நிறுத்த முடியாமல் மறுபடியும் கூவினான், மூன்றாம் தரமும் கூவினான். மூன்றாம் தரம் முடிந்ததும் கை போய்விட்டது.

"அடப் பாதகா" என்றாள் நல்லக்காள், கயிற்றை விடாமல். "என் புருசன் செத்த வீட்டுல வந்து ஒப்பாரி கேட்டுட்டுப் போனவன்டா நீ."

"அக்கா, அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

மொய்து பாயும் விடவில்லை. "அம்பத்தஞ்சுக்கு முடிச்சிட்டு என்கிட்ட தொண்ணூறா? உன்ட மடி என்ன கெணறா?" என்று குடையை மடக்கிக்கொண்டு அடுத்த பேருந்துக்குப் போய்விட்டார். வியாபாரம் முறிந்தது. உண்மை வெளியே வந்த நாளில் நல்லக்காளுக்கு ஒரு காசு வரவில்லை. ஆடிக் காற்றில் அவள் வீட்டுக் கூரை முழுதாகப் பறந்து போயிருந்தது, படுக்கையில் கிடக்கும் மாமனாரின் கட்டிலை வெயிலுக்குத் தகுந்தபடி மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டிருந்தாள், ஐப்பசி மழைக்கு முன்னால் தகரம் போட்டாக வேண்டும், அதற்குத்தான் கன்றிலிருந்து வளர்த்த அந்த ஜோடியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அது யாருடைய கை என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. சந்தைத் தண்ணீர்த் தொட்டியின் ஒரு பக்கச் சுவராக ஒரு எழுத்துக் கல் நிற்கிறது. என் வாலிபத்தில் அரசாங்கத்து ஆள் ஒருவர் வந்து, மாடுகளை விலக்கிவிட்டு, ஈரக் காகிதம் ஒட்டி மை தடவி எழுத்தைப் படியெடுத்துக்கொண்டு, சுற்றி நின்ற எங்களுக்கு வாசித்தும் காட்டினார். இந்தச் சந்தையில் விற்கும் பொருளின் விலையை எல்லோர் காதிலும் விழும்படி மூன்று தரம் கூவ வேண்டும். இடையில் நிற்கிறவன் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வாங்குகிறவர்கள் கூடிப் பேசி வராமல் இருந்து விலையை இறக்கினால் அதுவும் திருட்டே. இதைக் கேளாதவனின் கை, என்பதோடு கல் உடைந்திருந்தது. அரசன் பேரும் உடைந்த பக்கத்தில் போய்விட்டது. கையை வெட்டு என்று இருந்திருக்கும் என்றார்கள் சிலர், கட்டு என்று இருந்திருக்கும் என்றார்கள் சிலர். இத்தனை காலம் மாடுகள் அந்தச் சட்டத்தின்மேல் மூக்கை உரசித் தண்ணீர் குடித்தன, தரகர்கள் அதன்மேல் வெற்றிலைச் சாறு துப்பினார்கள். உடைந்த இடத்திலிருந்து கை வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை எல்லாத் துண்டுக்கு அடியிலும் அந்தக் கை இருந்தது. தரகர்கள் இடது கையால் பேசிப் பார்த்தார்கள், இடது கையையும் பிடித்தது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வந்தார்கள், எண்ணெயோடு சேர்த்துப் பிடித்தது. ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் உறையை மாட்டிக்கொண்டு வந்தான், உறை தனியாகக் கிழிந்து வந்தது. செத்துப்போன பெரிய தரகர் யாரோதான் ஆத்திரத்தில் அலைகிறார் என்று நினைத்து எல்லோரும் சேர்ந்து ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தார்கள், மறுவாரம் பிடி இன்னும் இறுகியிருந்தது. டீக்கடைக்காரர் காலையில் முதல் டீயைத் தொட்டிக் கல்லின்மேல் வைக்க ஆரம்பித்தார், காக்கை குடித்தாலும் கை குடித்ததாகவே கணக்கு. நெல் வியாபாரியோடு தகராறு உள்ளவர்களும், பால் கூலி குறைந்தவர்களும், நகைக்கடையில் ஏமாந்தவர்களும் துண்டோடு வந்து வரிசையில் நின்றார்கள், எல்லோருக்கும் முகம் சுளிக்காமல் கை வந்தது. சம்பந்தம் பேச வந்த இரண்டு வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று துண்டு போட்டுக் கேட்டார்கள். அதற்கு மட்டும் அது வரவில்லை, விற்கிற பொருள் எது என்று அதற்குப் புரியவில்லை போலிருக்கிறது.

தரகர்களும் பழகிக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இருபதில் ஒன்று எடுத்துக்கொண்டு, மூன்று தரம் கூவிவிட்டு, தொண்டைக்கு மிட்டாய் சப்பிக்கொண்டு திரிந்தார்கள். பத்து ஊர்க்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டு எங்கள் சந்தைக்கு வந்தான். என் கயிறு விற்றுத் தீர்ந்தது. பட்டினி கிடந்த தரகன் ஒருவனையும் நான் பார்க்கவில்லை. பிறகு எதற்கு இத்தனை காலம் எங்களைத் தின்றார்கள் என்று நான் கேட்கிறேன்.

பட்டினி கிடந்தது ராசப்பாவின் பாதிப் பங்குதான். அவர் துண்டுக்குள் கையே விடுகிறவர் அல்ல, அதனால் அந்தக் கை அவரைத் தொடவே இல்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு வெளியூர் வியாபாரிகள் எல்லோருக்கும் போன் போட்டார். "மழை வரட்டும் பாய், மழை வந்தா வைக்கோல் நனையும், நனைஞ்சா மாட்டை வெச்சுத் தீனி போட முடியாம எவனும் குடுத்த விலைக்குக் குடுப்பான், அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க, வந்தா அப்புறம் சந்தைக்குள்ள லாரி நிறுத்த எடம் இருக்காது" என்று சொன்னாராம். வியாபாரிகள் நின்றுவிட்டார்கள். மாடு வந்தது, மனிதர் வந்தார்கள், வாங்க ஆள் இல்லை. வராதவன் கையை எந்தத் துண்டுக்குள் தேடிப் பிடிப்பது? அது துண்டுக்குத் துண்டு வந்து காத்திருந்துவிட்டுப் போனது. நல்லக்காள் வாராவாரம் ஓட்டிக்கொண்டு வந்தாள், வாராவாரம் ஓட்டிக்கொண்டு போனாள், மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் ராசப்பா செலவில் மாநாடு நடந்தது. பழைய காலத்துப் பொருளாதாரச் சிந்தனையும் இன்றைய உலகமும் என்று பதாகை கட்டி, கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டோடு. நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். வருகிற வழியில் என் கடையில் காரை நிறுத்தி, வீட்டு வாசலில் தொங்கவிட வெண்கலச் சலங்கை ஒன்று எடுத்தார். நான் சொன்ன விலையில் பாதியைக் கையில் திணித்துவிட்டு, "போதும் பெரியவரே" என்று கார்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதை நான் மறக்கவில்லை.

மேடையில் நன்றாகத்தான் பேசினார். வெள்ளைக்காரன் ஒருவன், சந்தையைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை நடத்துகிறது, அதன் வழியில் யாரும் குறுக்கிடக் கூடாது என்று சொன்னானாம், அதற்காக உலகமே அவனைக் கொண்டாடுகிறதாம். "அந்தக் கையை நம் முன்னோர் எண்ணூறு ஆண்டுக்கு முன்பே கண்டுவிட்டார்கள்! இந்த மண்ணில்! இந்த மந்தைப்பாறையில்!" என்றார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். பக்கத்து ஆள் என் முதுகிலும் தட்டினான். அப்படிப்பட்ட கையை வேர்வைத் துண்டுக்குள் வைத்து அவமானப்படுத்தலாமா, அதற்குக் கோயில் எழுப்ப வேண்டாமா, சந்தையை அதன் போக்கில் சுதந்திரமாக விட வேண்டாமா என்று கேட்டார். ராசப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து நல்லக்காள் எழுந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். அந்தக் கை என்னா சொல்லுதுன்னு கேட்டீங்களா?"

"சொல்லுங்கம்மா."

"இருபதுல ஒண்ணுக்கு மேல எடுக்காதங்குது. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்குது. கூடிப் பேசிக்கிட்டு வராம இருக்கறது திருட்டுன்னு கல்லுல இருக்கு. இப்ப வராம இருக்காங்களே, அதுக்கு என்னா பண்ணலாம்?"

பேராசிரியர் சிரித்தார், குழந்தையிடம் சிரிப்பதுபோல. "அம்மா, பழைய சிந்தனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் காலச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும். இருபதில் ஒன்று என்பதெல்லாம் ஒரு குறியீடு. அதன் பெருமையைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்."

"பெருமைய நீங்க எடுத்துக்கங்க ஐயா. எனக்கு அந்த இருபதுல ஒண்ணு போதும். வீட்டுக்குக் கூரை இல்ல, மழையும் காலச் சூழல் பார்த்துத்தான் வருது."

"உக்காருத்தா, பெரியவங்க பேசுறப்ப" என்றார்கள் பின்னால் இருந்தவர்கள். எங்கள் ஆட்கள்தான். வாராவாரம் வாங்க ஆளில்லாமல் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பியவர்கள். முன்னோர் பெருமையைக் கேட்டுக் கை வலிக்கத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, "என் சலங்கைக்கு மீதிக் காசு எங்கய்யா?" என்று கத்தினேன். ஒலிபெருக்கிக்காரன் பாட்டுப் போட்டுவிட்டான்.

கோயில் வந்தது. தொட்டியிலிருந்து எழுத்துக் கல்லைப் பெயர்த்து எடுத்து, எழுத்துப் பக்கம் சுவரோடு போகும்படி நட்டு, அதன்மேல் பளிங்கில் ஒரு கையைச் செய்து வைத்து, மோதிரத்துக்குப் பதில் தங்கமுலாம் பூசி, உண்டியலும் வைத்தார்கள். சந்தைத் துண்டுகளை எல்லாம் காணிக்கையாக வாங்கிக் கோயில் மரத்தில் கட்டினார்கள், தரகர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் கொடுத்தார்கள், விற்க வந்தவர்களும் கொடுத்தார்கள், அந்த மரம் வண்ணான் துறை மாதிரி ஆயிற்று. என்னிடமும் வந்தார்கள். என் துண்டை வேண்டுமானால் என் பிணத்தின்மேல் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இனி விலை பேசுவது போனில் என்று அறிவித்தார்கள். மாட்டைப் படம் எடுத்து அனுப்பினால் ஒரு விலை வரும், யார் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று கேட்க முடியாது, பிடிக்கவில்லை என்றால் ஓட்டிக்கொண்டு போகலாம், சுதந்திரம். துண்டு இல்லாத இடத்தில் கை எப்படி வரும்? வரவில்லை.

ஐப்பசி முதல் புதன்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ராசப்பா சொல்லிவைத்தபடியே அன்று வெளியூர் லாரிகள் வந்துவிட்டன, மொய்து பாயின் லாரியும் வந்தது, வியாபாரிகள் டீக்கடைக் கொட்டகைக்குள் நின்று ராசப்பாவுக்குப் போனில் விலை தட்டிக்கொண்டிருந்தார்கள். நல்லக்காள் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஜோடியை ஓட்டி வந்தாள். மாமனாரை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கட்டிலோடு போட்டுவிட்டு வந்திருந்தாள். இன்று விற்றால் தகரம், இல்லையென்றால் அந்தக் கிழவர் கோயில் மண்டபத்தில்தான் சாக வேண்டும்.

சடையாண்டி படம் எடுத்தான். போன் கீச்சென்றது.

"நாப்பதுன்னு வருதுக்கா."

"அன்னைக்கு உன் வாயாலயே தொண்ணூறுன்னியே."

"அது அன்னைக்கு. மழை பெய்யுதுல்ல. நான் என்ன பண்ணட்டும், போன் சொல்லுது. பிடிச்சா குடு, பிடிக்காட்டி ஓட்டிட்டுப் போ. யாரும் உன் கையைப் பிடிச்சு இழுக்கலையே."

நல்லக்காள் என் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தத் துண்டைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அவள் அதை உதறி, போன் வைத்திருந்த சடையாண்டியின் கைமேல் போட்டாள். போட்டுவிட்டு, எங்கள் சந்தை உண்டான நாளிலிருந்து எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்தாள், தன் கையைத் துண்டுக்குள் விட்டாள்.

"ஏய், ஏய், என்ன பண்ற? பொம்பளை..." என்று அவன் பின்வாங்கினான். துண்டும் அவளும் கூடவே போனார்கள்.

"கூச்சமா இருந்தா கண்ணை மூடிக்க" என்றாள்.

ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், வெட்கமாம். துண்டுக்குள் விலையை மறைத்தபோது வராத வெட்கம். போன் சேற்றில் விழுந்தது. சடையாண்டியின் முகம் கோணிற்று, முழங்கால் மடிந்தது, வாய் திறந்தது.

"வியாபாரி ராசப்பாகிட்ட சொன்னது தொண்ணூத்திரெண்டு!" என்று கூவினான். மறுபடியும் கூவினான். மூன்றாம் தரம் கூவியபோது டீக்கடைக் கொட்டகையிலிருந்து மொய்து பாய் மழையில் இறங்கி வந்துவிட்டார்.

"நான் சொன்ன வெலை அதுதான். அந்தம்மாவுக்கு நாப்பதா சொன்னீங்க? ஈ மழையில நிக்க வெச்சு?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்து நனையாத பையை எடுத்து அங்கேயே எண்ணினார். இருபதில் ஒன்று பிரித்துச் சடையாண்டியின் சட்டைப் பையில் செருகினார். மீதி முழுவதும் நல்லக்காளின் இடுப்புக்குப் போயிற்று. ஒற்றைக் கையால்தான் வாங்கிக்கொண்டாள்.

சடையாண்டி அதற்கப்புறம் பல தடவை என் கடையில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறான், அன்றைக்கு உள்ளே அந்தக் குளிர்ந்த கை வரவே இல்லையாம், மோதிரம் இல்லையாம், வேறு எதுவும் இல்லையாம், சாணியும் வைக்கோலும் அள்ளிக் காய்த்த அவளுடைய ஒரு கை மட்டும்தானாம். நம்புகிறவர்கள் நம்பலாம். நான் அவனை மன்னிக்கவில்லை, அவன் சொன்னதை மட்டும் நம்புகிறேன்.

மாட்டை லாரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். மழை நிற்கவில்லை. சடையாண்டி மண்டியிட்டபடியே கெஞ்சினான்.

"அதான் முடிஞ்சிருச்சேக்கா. உன் வெலை வந்துருச்சு. கையை விடு."

நல்லக்காள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பூவாயி என்கிற கைம்பெண் ஒரு சினை மாட்டைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் ஆண்களும்கூட, வரிசையாக.

"எனக்கு முடிஞ்சிருச்சு" என்றாள் நல்லக்காள், விடாமல். "பூவாயி மாட்டுக்கு என்னா வெலைன்னு சொல்லு."